ஹப்பில் ஆயில் கசியுதா? பழைய ஜீப் வெச்சிருக்கிறவங்க போட வேண்டிய கணக்கு



பழைய ஜீப் வெச்சிருக்கிறவங்ககிட்டேர்ந்து நம்ம சேனலுக்கு அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "வீலுக்கு உள்பக்கம் லேசா ஆயில் கசியுது. வண்டி நல்லாத்தான் ஓடுது. இப்பவே பார்க்கணுமா, இல்லை அடுத்த எஃப்.சி சமயத்துல எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்துக்கலாமா?"

இது மெக்கானிக் கேள்வி மாதிரி தெரிஞ்சாலும் உள்ளே இருக்கிறது பணக் கேள்விதான். சில நூறு ரூபாய் ரப்பர் சீலைத் தள்ளிப்போட்டா, அது எப்படி ஐந்து இலக்கச் செலவா வளருதுன்னு இந்தப் பதிவில் படிப்படியா பார்க்கலாம். அதோட, சீலை மாத்துற வேலை எப்படி நடக்குது, எதை நாமே பண்ணலாம், எதைப் பட்டறையில் விடணும், இதுக்கெல்லாம் மாசாமாசம் எவ்வளவு எடுத்து வைக்கணும்ங்கிறதையும் சொல்லிடறேன்.

நான் இங்க எடுத்துக்கிறது பழைய மஹிந்திரா ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பின் முன் ஹப். வால்பாறை, கொடைக்கானல் பக்கம் எஸ்டேட்களிலும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறுற பாதையிலும் இன்னைக்கும் உழைச்சுக்கிட்டு இருக்கிற வகை. உங்க வண்டி வேற கம்பெனியா இருந்தாலும், ஹப்புக்குள்ள இரண்டு டேப்பர் பேரிங் இருந்தா அடிப்படை இதேதான்.

முதல்ல, அந்த சீல் என்ன வேலை பண்ணுது?

வீல் சுத்துறது ஹப் மேல. ஹப் சுத்துறது ஸ்பிண்டில் மேல. நடுவுல உள்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணுன்னு இரண்டு பேரிங். அதுங்களுக்கு கிரீஸ் வேணும். அந்த கிரீஸ் பின்பக்கமா பிரேக் டிரம்முக்குள்ள போயிடாம தடுக்கிறதும், வெளியில இருக்கிற சேறும் தண்ணியும் பேரிங்குக்குள்ள வராம தடுக்கிறதும் இந்த ஒரே ஆயில் சீல்தான்.

சீலோட உதடு ஸ்பிண்டில் மேல உரசிக்கிட்டே இருக்கும். வருஷக்கணக்கில் சூடு பட்டுப்பட்டு ரப்பர் விறைச்சுப் போகும். அப்புறம் உதடு சரியா ஒட்டாது, கசிய ஆரம்பிக்கும். இந்த அளவுக்கு இது சாதாரணத் தேய்மானம்தான். ஆனா சீல் கெட்டதுக்கு வேற காரணமும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காம புது சீல் போட்டா, கொடுத்த காசு திரும்பவும் ஒழுகிடும்.

கசியுறது எதுன்னு விரலால் தொட்டுப் பாருங்க

பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்லயே பண்ணக்கூடிய சோதனை இது. வீலோட உள்பக்கம், டிரம் தட்டுக்குக் கீழே ஈரமா இருக்கிற இடத்தைத் தொட்டுப் பாருங்க.

- கெட்டியா, விரலில் அப்பிக்கிட்டு வந்தா: அது ஹப் கிரீஸ். பெரும்பாலும் ஹப் சீல் மாத்தினா முடிஞ்சது.
- வழவழன்னு, கந்தக வாடை அடிச்சா: அது கிரவுன் ஆயில். ஹவுசிங்குக்குள்ள இருக்க வேண்டியது, ஆக்சில் சீலைத் தாண்டி, ஸ்பிண்டிலின் நடு ஓட்டை வழியா ஹப்புக்கு வந்திருக்கு. கிரீஸையும் கரைச்சிருக்கும். இதுக்கு ஹப் சீலை மட்டும் மாத்தினா பத்தாது, உள்ளே இருக்கிற ஆக்சில் சீலையும் மாத்தணும்.
- தண்ணி மாதிரி மெல்லிசா இருந்து, பிரேக் ஆயில் டப்பாவில் அளவும் குறைஞ்சிருந்தா: அது வீல் சிலிண்டர் கசிவு. வண்டியை அதுக்கு மேல ஓட்டாதீங்க. பிரேக் எப்ப வேணா கை விடலாம்.
- திரும்புற இடத்தில் இருக்கிற பெரிய உருண்டை மேல வழிஞ்சா: அது ஹப் சீல் இல்லை, ஸ்டியரிங் நக்கிளோட சீல். வேலை வேற, எஸ்டிமேட்டும் வேற.

இந்த நாலையும் பிரிச்சுச் சொல்லத் தெரிஞ்சவங்ககிட்ட பட்டறையில் பேச்சே மாறிடும். "ஆயில் லீக், பாருங்க"ன்னு சொன்னா எஸ்டிமேட் அவங்க கையில். "கிரவுன் ஆயில் ஹப்புக்கு வருது, ஆக்சில் சீலும் ஹப் சீலும் மாத்த எவ்வளவு?"ன்னு கேட்டா எஸ்டிமேட் உங்க கையில்.

காசே இல்லாத வைத்தியம்: பிரீத்தர்

ஆக்சில் ஹவுசிங்குக்கு மேல சின்னதா ஒரு மூடி இருக்கும். அதுதான் பிரீத்தர். வண்டி ஓடும்போது உள்ளே இருக்கிற காத்து சூடாகி விரியும், அது வெளியே போறதுக்கான வழி இது. காட்டுப் பாதையில் ஓடுற ஜீப்பில் இது சேறு அடைச்சு நிக்கிறது ரொம்ப சகஜம்.

வழி அடைச்சா காத்து வேற இடம் தேடும். இருக்கிறதிலேயே பலவீனமான இடம் சீலோட உதடு. ஆயிலையும் தள்ளிக்கிட்டு அது வழியா வெளியே வரும். அதனால சீல் வாங்குறதுக்கு முன்னாடி பிரீத்தரைக் கழட்டிக் கழுவுங்க. ஹவுசிங்கில் ஆயில் அளவுக்கு அதிகமா ஊத்தியிருக்கான்னும் பாருங்க. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஃபில்லர் போல்ட்டைக் கழட்டினா, ஆயில் அந்த ஓட்டையின் கீழ் விளிம்பு வரைக்கும் இருக்கணும். அதுதான் பொதுவான அளவு.

தள்ளிப்போட்டா எவ்வளவு? ஒரு உதாரணக் கணக்கு

கீழே இருக்கிறது கணக்கு புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்ட எண்கள். உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒரு தடவை எழுதிப் பாருங்க.

*கட்டம் 1, கசிவு இப்பத்தான் ஆரம்பம்:* சீல் 300, கிரீஸ் 200, லாக் வாஷர் 100, கூலி 900. மொத்தம் 1,500 ரூபாய்.

*கட்டம் 2, கிரீஸ் பிரேக் லைனரில் இறங்கிடுச்சு:* மேல சொன்ன 1,500, அதோட இரண்டு பக்கத்துக்கும் லைனர் 1,500, டிரம் கடைசல் 600, கூடுதல் கூலி 500. மொத்தம் 4,100 ரூபாய்.

*கட்டம் 3, கிரீஸ் இல்லாம பேரிங் காய்ஞ்சு, ஸ்பிண்டிலும் போச்சு:* மேல சொன்ன 4,100, பேரிங் செட் 2,000, ஸ்பிண்டில் 3,500, நடுவழியிலிருந்து வண்டியை இழுத்துட்டு வர 2,500. மொத்தம் 12,100 ரூபாய். வண்டிதான் உங்க பிழைப்புன்னா இன்னொண்ணும் சேரும். ஒரு நாளைக்குக் கையில் நிக்கிறது 1,500ன்னு வெச்சா, மூணு நாள் ஓடாம நின்னதுக்கு 4,500. ஆக 16,600 ரூபாய்.

1,500 எங்கே, 16,600 எங்கே! பதினோரு மடங்கு. அந்த சீலுக்கு நீங்க கொடுக்கிற 1,500ஐ செலவுன்னு எழுதாதீங்க, கட்டம் மூணுக்கு வராம இருக்கக் கட்டுற பிரீமியம்னு எழுதுங்க.

இதுவரைக்கும் பேசினது காசு மட்டும்தான். மலையில் இறங்கும்போது ஒரு பக்க லைனர் நனைஞ்சிருந்தா, பிரேக் மிதிச்சதும் வண்டி காய்ஞ்ச பக்கமா இழுக்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்னு இருக்கிற பாதையில் அந்த ஒரு இழுப்புக்கு விலை போட முடியாது.

"இன்ஷூரன்ஸ் இருக்கே சார்?"

இருக்கு, ஆனா இதுக்கு வராது. மோட்டார் பாலிசியின் ஓன் டேமேஜ் பகுதியில் தேய்மானமும், மெக்கானிக்கல் பிரேக்டவுனும் விலக்குகளில் இருக்கு. சீல் விறைச்சது, பேரிங் காய்ஞ்சது எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். விபத்து நடந்து கிளெய்ம் போட்டாலும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிச்சுத்தான் கொடுப்பாங்க. ஜீரோ டெப் எடுக்கலாம்னா, அதைப் பெரும்பாலும் வயசு குறைஞ்ச வண்டிகளுக்குத்தான் தர்றாங்க. பழைய ஜீப்புகள் நிறைய தேர்ட் பார்ட்டி பாலிசியில் மட்டும்தான் ஓடுது. அதில் உங்க வண்டியோட ரிப்பேருக்கு ஒரு பைசா வராது.

சுருக்கமா, பழைய வண்டிக்கு நீங்கதான் இன்ஷூரன்ஸ் கம்பெனி.

வேலை எப்படி நடக்குது?

நீங்களே பண்ணினாலும், பக்கத்தில் நின்னு பார்த்தாலும், இந்த வரிசை தெரிஞ்சிருக்கணும்.

1. சமதளம், மத்த டயருக்கெல்லாம் அடைக்கல். ஜாக்கியில் தூக்கினதும் ஆக்சிலுக்குக் கீழே ஸ்டாண்ட் வைக்கணும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை பார்க்கக் கூடாது. பழைய ஜீப் சிலதில் இடது பக்க வீல் நட்டுக்கு இடது மரை இருக்கும். வலது பக்கப் பழக்கத்தில் திருகினா போல்ட் முறிஞ்சிடும்.

2. வீலைக் கழட்டுறதுக்கு முன்னாடி மேலேயும் கீழேயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா பேரிங் தளர்ந்திருக்கு அல்லது தேய்ஞ்சிருக்கு. ஹப் ஆடினா எந்த சீலும் நிக்காது.

3. வீல், அப்புறம் ஹப் மூடி அல்லது லாக்கிங் ஹப், ஸ்னாப் ரிங், வெளி நட், லாக் வாஷர், உள் நட். இந்த வரிசையில் கழட்டி, அதே வரிசையில் தரையில் ஒரு துணி மேல அடுக்கணும். மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வெச்சா மாட்டும்போது சண்டை வராது.

4. பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்தினா ஹப்பும் டிரம்மும் சேர்ந்து வெளியே வரும். முன்னாடி டிஸ்க் பிரேக் இருக்கிற மாடல்னா காலிப்பரைக் கழட்டிக் கம்பியில் கட்டித் தொங்க விடணும், பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது.

5. ஹப்பின் பின்பக்கம் பழைய சீல் இருக்கும். நெம்பி எடுக்கணும். அதைத் தூக்கிப் போடாதீங்க! அதன் முகத்தில் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் அல்லது பார்ட் நம்பர் அச்சடிச்சிருக்கும். கடையில் "ஜீப் சீல்"னு கேட்காம அந்த நம்பரைக் காட்டிக் கேளுங்க.

6. பேரிங்கைக் கழுவிக் காய வெச்சுப் பாருங்க. உருளைகளிலோ, ஹப்புக்குள்ள இருக்கிற கப்பிலோ புள்ளி, உரிசல், நீலம் பாய்ஞ்ச நிறம் இருந்தா மாத்திடணும். பேரிங் மாத்தினா கப்பும் சேர்த்துத்தான்.

7. சீல் உரசுற இடத்தை நகத்தால் வருடிப் பாருங்க. நகம் மாட்டுற அளவு பள்ளம் விழுந்திருந்தா புது சீலும் கொஞ்ச நாளில் ஒழுகும். ஸ்லீவ் போடணும், இல்லைன்னா அந்தப் பாகத்தையே மாத்தணும். "சீல் மாத்தியும் கசியுது"ங்கிற புலம்பலுக்கு அடிக்கடி காரணம் இந்தப் பள்ளம்தான்.

8. பேரிங்குக்கு கிரீஸை மேலாகத் தடவினா போதாது. உள்ளங்கையில் கிரீஸ் வெச்சு, பேரிங்கை அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வர்ற வரைக்கும் அடைக்கணும். பழைய கிரீஸோட புதுசைக் கலக்கக் கூடாது. ஹப் முழுக்கத் திணிக்கவும் கூடாது, சூடானா அந்த அதிகப்படி கிரீஸே சீலைத் தள்ளிக்கிட்டு வரும்.

9. உள் பேரிங்கை வெச்சதுக்கு அப்புறம்தான் சீல். ஸ்பிரிங் இருக்கிற உதடு கிரீஸ் பக்கம் பார்க்கணும். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, சீலோட வெளி விட்டத்துக்குச் சரியான தட்டையான கட்டையோ பைப்போ வெச்சு, சுத்திலும் சமமா தட்டி இறக்கணும். நேரா சுத்தியலால் அடிச்சா தகரம் வளையும், அந்த இடத்திலேயே கசியும்.

10. மாட்டும்போது ஹப்பைக் கையால் சுத்திக்கிட்டே உள் நட்டை இறுக்கணும். ஹப் பிடிக்க ஆரம்பிச்சதும், ஒரு சுத்தில் சுமார் ஆறில் ஒரு பங்கு பின்னால திருப்பணும். ஹப் தாராளமா சுத்தணும், ஆனா ஆடக் கூடாது. பழைய ஜீப்புகளுக்கான வழக்கமான முறை இது. உங்க மாடலின் சர்வீஸ் மேனுவலில் வேற அளவு இருந்தா அதைத்தான் பின்பற்றணும். அப்புறம் புது லாக் வாஷர், வெளி நட், வாஷரின் காதை மடக்கிப் பூட்டணும்.

11. பிரேக்கைச் சரி பண்ணி, அஞ்சு பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு இரண்டு பக்க ஹப்பையும் தொட்டுப் பாருங்க. ஒண்ணு மட்டும் அதிகமா சுட்டா நட் இறுக்கம் அல்லது பிரேக் பிடிக்குது. சில நூறு கிலோமீட்டர் ஓடினதும் ஆட்டத்தை இன்னொரு தடவை பார்க்கணும்.

இந்த இரண்டு இடத்தில் காசு மிச்சம் பிடிக்காதீங்க

ஒண்ணு, நனைஞ்ச லைனர். பெட்ரோலில் கழுவி, கொளுத்தி, தேய்ச்சுத் திரும்ப மாட்டுற பழக்கம் சில இடங்களில் இருக்கு. தீ ஆபத்து ஒரு பக்கம். லைனருக்குள்ள ஊறின எண்ணெய் பிரேக் சூடானதும் திரும்ப வெளியே கசியும்ங்கிறது இன்னொரு பக்கம். மாத்திடுங்க, அதுவும் ஒரே ஆக்சிலின் இரண்டு பக்கமும் சேர்த்து. பழைய லைனர் தூசியைக் காத்தடிச்சு ஊதாதீங்க, அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைச்சு எடுங்க.

இரண்டு, பின் ஆக்சில். பழைய ஜீப்புகளில் பின் ஹப், கூம்பு மாதிரி இருக்கிற ஆக்சில் முனையில் சாவி வெச்சு இறுகி நிக்கும். அதை எடுக்க அதுக்கான புல்லர் வேணும். ஆக்சில் முனையில் சுத்தியலால் அடிச்சா பேரிங்கையும் உள்ளே இருக்கிறதையும் கெடுக்கும். பிரேக் தட்டுக்குப் பின்னால இருக்கிற ஷிம்கள்தான் ஆட்டத்தை நிர்ணயிக்குது, அதில் ஒண்ணு தொலைஞ்சாலும் அளவு மாறிடும். முன் ஹப்பை ஆர்வம் இருந்தா கத்துக்கலாம். பின் ஹப்பை அனுபவசாலிகிட்ட விட்டுடுங்க. அந்தக் கூலி நியாயமான கூலி.

கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்

நிறைய பேர் வண்டி ரிப்பேரை எமர்ஜென்சி ஃபண்டிலிருந்து எடுக்கிறாங்க. எமர்ஜென்சிங்கிறது எதிர்பாராதது. பழைய ஜீப்பில் சீல் போகும், லைனர் தேயும், பேரிங் சத்தம் போடும். எப்போன்னு தெரியாது, ஆனா வரும்னு நிச்சயமா தெரியும். அதுக்குத் தனி உண்டியல் வேணும்.

எளிமையான வழி: ஓடுற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரண்டு ரூபாய். மாசம் 1,000 கிலோமீட்டர் ஓடினா 2,000. வருஷத்துக்கு 24,000. தனி சேவிங்ஸ் அக்கவுண்ட்டில் போடுங்க, நிலையான ஓட்டம்னா ஆர்.டி கூடப் போடலாம். மேல பார்த்த மூணாவது கட்டமே வந்தாலும் கடன் வாங்காம சமாளிச்சிடலாம். கிரெடிட் கார்டில் தேய்ச்சு பாக்கி வெச்சா, பல கார்டுகளில் மாசத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல வட்டி ஓடும். சீல் கசிவை நிறுத்தி, பர்ஸ் கசிவை ஆரம்பிச்ச கதையாயிடும்.

இதே உண்டியலில் ஆர்.சி புதுப்பிப்பையும் சேருங்க. சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷம் முடிஞ்சதும் எஃப்.சி பார்த்து ஆர்.சி-யைப் புதுப்பிக்கணும், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை. காருக்கு 600 ரூபாயா இருந்த இந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டின வண்டிக்கு 2025-இல் 10,000 ஆக்கிட்டாங்க. பசுமை வரி தனி. வாடகைக்கு ஓடுற வண்டின்னா 8 வருஷத்துக்கு மேல எஃப்.சி வருஷா வருஷம். ஒரு பக்கம் இழுக்கிற பிரேக்கோட அங்கே போய் நிக்க முடியாது.

வித்துடலாமா?

"வண்டியே ரெண்டு லட்சம்தான் போகும், அதுக்கு இவ்வளவு செலவா?"ன்னு கேட்கிறாங்க. ஒப்பிட வேண்டியது வண்டி விலையோட இல்லை, அதுக்குப் பதிலா நீங்க வாங்கப்போறதோட. 10 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, 5 வருஷம்னா இ.எம்.ஐ 20,758 ரூபாய். நம்ம உண்டியலில் ஒரு வருஷம் சேர்றது 24,000. பழைய வண்டிக்கு ஒரு வருஷத்துக்கு ஆகிறதை, புது வண்டி கிட்டத்தட்ட ஒரே மாசத்தில் கேட்கும்.

ஆனா ஒரு எல்லை வெச்சுக்கோங்க. பிரீத்தர் சுத்தம், பேரிங் புதுசு, சீல் உரசுற இடம் சரி, இத்தனைக்கும் அப்புறம் அதே பக்கம் ஆறு மாசத்துக்குள்ள திரும்பக் கசிஞ்சா, ஹவுசிங் வளைஞ்சிருக்கான்னு அளந்து பார்க்கச் சொல்லுங்க. ஹவுசிங்கும் வளைஞ்சு, சேசிஸிலும் துரு தின்னிருந்தா, பாசத்தை ஓரம் வெச்சுட்டு விக்கிறதைப் பத்தி யோசிக்கலாம்.

வாங்கப் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய ஜீப் பார்க்கும்போது பெயிண்ட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி குனிஞ்சு நாலு வீலோட உள்பக்கத்தைப் பாருங்க. கழுவித் துடைச்சு வெச்சிருந்தா, பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து திரும்பப் பாருங்க. ஈரம் தெரிஞ்சா இரண்டாவது கட்டக் கணக்கை எடுத்து நீட்டி விலை பேசுங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது ஒரு டார்ச் எடுத்துக்கோங்க. நாலு வீல் உள்பக்கம், இரண்டு பிரீத்தர், பிரேக் ஆயில் டப்பா. பத்து நிமிஷம் போதும். ஹப் கழட்டி மாட்டுறதை வீடியோவில் நிதானமா பார்த்துட்டு, அப்புறம் ஸ்பானரைத் தொடுங்க.